மடுவம் வரை ஒரு நடை

பத்தேகால் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் "பத்தேகாலுக்கு" என்றுதான் சொல்வார்கள். மிஸ்ஸி மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார். "போன தடவ நான் வந்தப்ப பத்து இருபத்தஞ்சுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின தடவ வரவே இல்ல" என்பார். கேட்டவர், பதில் கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் வீதியோரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தோட்டத்திலும் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தாதிமாரை மிஸ்ஸி என்று அழைப்பது எங்கள் வழக்கம், அவரும் மிஸ்ஸிதான். நாவலப்பிட்டியில் இருந்தார். முப்பது வருடம் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து ஓய்வு பெற்ற பின் கொழும்புக்குப் போய் ஹிப்னோதெரபி என்ற மனோவசியச் சிகிச்சை படித்தவர். தலைப்பிரசவத்தை நினைத்துப் பயந்துபோயிருக்கும் பெண்களுக்கு அந்த முறையில் உதவுவதற்காக, ஒரு தாய்சேய் நலத் திட்டத்தின் மூலம், ஒரு புதன்கிழமை விட்டு ஒரு புதன்கிழமை எங்கள் தோட்டத்துக்கு வந்தார். வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி அந்தப் பத்தேகால் பஸ்ஸைப் பிடிப்பார். பஸ் வராத நாளில் நடந்தே வருவார்.

நான் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தேன்; அதனால் எல்லோருக்கும் டீச்சர். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அதன் பின்னறையில், பால்மாப் பெட்டிகளுக்கும் மடித்துவைத்த பாய்களுக்கும் நடுவில்தான் மிஸ்ஸியின் வேலை நடந்தது. கண்ணை மூடியிருக்கும் பெண்ணோடு தான் தனியாக இருக்கக் கூடாது, இன்னொரு பெண் அறையில் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி. அந்த இன்னொரு பெண் நான். நாற்பத்தொரு புதன்கிழமைகள் அவரோடு உட்கார்ந்திருக்கிறேன். பதினாறு வயதிலிருந்து தினக்குறிப்பு எழுதும் பழக்கம் இருப்பதால் எண்ணிக்கையில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதல் நாளே எங்களுக்குள் ஒரு சின்ன உரசல் வந்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னார்.

"டிக் டிக்னு கேக்குது. வர்ற புள்ளைக்கு அதுவே ஞாபகமா இருக்கும்."

"நேரம் பாக்காம எப்பிடி மிஸ்ஸி குறிப்பு எழுதுறது?"

"ஒங்க கைக்கடிகாரத்த மடியில வச்சுக்கங்க டீச்சர். ஆனா நிமிசத்துக்கு ஒருக்கா குனியாதீங்க. குனியிறது தெரியும்."

கைக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டேன். குனிவதை என்னால் முழுமையாக விட முடியவில்லை.

அவருடைய பையில் நான்கு பொருள்கள் எப்போதும் இருக்கும்: ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல், ஒரு படுக்கை விரிப்பு, கோடு போட்ட ஒரு கொப்பி, ஆறு சோடி கம்பளிக் காலுறை. வருகிற பெண்ணுக்கு முதலில் காலுறையைக் கொடுப்பார். "காலு குளுந்துச்சுன்னா மனசு காலுலயே நிக்கும்" என்பார். அவருடைய குரலை இனிமையானது என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் சளி பிடித்தவரின் குரல்போல, கொஞ்சம் அடைத்தாற்போல இருக்கும். அது ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் தோள் தானாகத் தளர்ந்துவிடும். இரண்டு முறை என் பேனா கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அவர் ஒரே விளக்கத்தைச் சொல்வார். "இது தூக்கம் இல்ல. மயக்கமும் இல்ல. நான் பேசுறது எல்லாம் ஒங்களுக்குக் கேக்கும். எந்திரிச்சுப் போகணும்னா எந்திரிச்சுப் போகலாம். வலி வராதுன்னு நான் சொல்லல. வலி வர்றப்ப ஒடம்ப இறுக்கிப் புடிக்காம இருக்கப் பழகலாம். அதுக்குத்தான் இது."

கூட வரும் மாமியார்களுக்கு இந்த விளக்கம் போதவில்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இதற்கு 'மயக்கக் கிளினிக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு மாமியார் நேராகவே வந்து கேட்டார்.

"எங்க மருமகள மயக்கிப்புட்டு வீட்டு விசயமெல்லாம் கேக்குறீங்களாமே?"

"மயக்கலைங்க. கேக்கவும் இல்ல. நீங்களே உள்ள வந்து ஒக்காந்து பாருங்க."

அந்த அம்மா முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு சண்டைக்கு வந்தவர் மாதிரி பாயில் உட்கார்ந்தார். எட்டாவது நிமிடத்தில் குறட்டை வந்தது. மருமகள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டாள். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

"அவுங்களுக்கு வந்தது தூக்கம். விடியக்காலம் நாலு மணிலருந்து நிக்கிறாங்க. ஒங்களுக்கு வர வேண்டியது வேற. கண்ண மூடுங்க."

அன்று மாலையே அந்த மாமியார், "மந்திரமும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல, நல்லாத் தூக்கம் வருது" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த முறை ஐந்து பேர் கூடுதலாக வந்தார்கள். அதில் இரண்டு பேர் கர்ப்பிணிகளே அல்ல.

ஆரம்பத்தில் அவர் கொழும்பில் படித்ததை அப்படியே சொல்லிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடற்கரையில் நடக்க வேண்டும். மணல் சூடாக இருக்கும். அலை மெதுவாகக் காலைத் தொடும். மூன்றாவது பெண் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"மிஸ்ஸி, கடல நான் டிவியில சுனாமி வந்தப்பதான் பாத்திருக்கேன். கால்ல தண்ணி படுதுன்னதும் ஓடணும் போல இருக்கு."

மிஸ்ஸி கொப்பியை எடுத்துக் கடற்கரை என்று எழுதியிருந்த பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "கடல் வேண்டாம். தேயிலை மலையில நடப்போம்" என்றார். அதிலும் ஒரு பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்தது கலாவின் அம்மா.

கலாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தலைப்பிரசவம், ஆறாம் மாதம். அவளுக்கு வலியைப் பற்றிய பயம் அதிகம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன், லயத்துக் காம்பராவிலேயே பெற்றுக்கொள்வேன் என்று நின்றாள். அவளுடைய அக்கா நான்கு வருடத்துக்கு முன் முதல் பிரசவத்தில் இறந்துபோனாள். வலி எடுத்து வெகுநேரம் வீட்டிலேயே வைத்திருந்து, இரத்தம் போக ஆரம்பித்த பிறகுதான் வண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது காலம் கடந்துவிட்டது. ஆனால் கலா கண்ணால் கண்டது அக்கா வண்டியில் ஏறியதை மட்டும்தான். அதனால் அவளுக்கு வண்டியும் ஆஸ்பத்திரியும்தான் பயம். வீட்டில் தங்கியதால்தான் அக்கா போனாள் என்று நான் பலமுறை சொல்லியும் அது அவள் மனதில் ஏறவில்லை.

முதல் நாள் அவள் பின்னறைக்கு வந்தபோது நான் வழக்கம்போல, "ஒண்ணும் ஆகாது புள்ள" என்றேன். பிள்ளைக்காம்பராவில் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அதைச் சொல்லியிருப்பேன். எனக்கு அது மூச்சு விடுவது மாதிரி. கலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்காவ ஏத்துறப்பவும் இதத்தான் டீச்சர் எல்லாரும் சொன்னாங்க."

பிறகு மிஸ்ஸியைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க சொல்லுங்க மிஸ்ஸி. எனக்கு ஒண்ணும் ஆகாதா?"

"எனக்குத் தெரியாது."

கூட வந்திருந்த கலாவின் அம்மா பதறிப்போனார். "என்னாங்க மிஸ்ஸி, புள்ளைக்கிட்ட இப்பிடிச் சொல்றீங்க? ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"தெரியாததச் சொன்னா, நாளைக்கு நான் தெரிஞ்சதச் சொல்றப்பவும் நம்ப மாட்டா" என்றார் மிஸ்ஸி. கலாவிடம் காலுறையை நீட்டினார். அவள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டாள். எனக்கு மிஸ்ஸி மேல் கோபம்தான் வந்தது. அன்றைய குறிப்பில் 'ஈவிரக்கம் இல்லாத பேச்சு' என்று எழுதியிருக்கிறேன். அதை இன்றுவரை அடிக்கவில்லை.

பிழை தெரிந்தது கலாவின் இரண்டாவது வருகையில். மிஸ்ஸி அவளைக் கண்ணை மூடச் சொல்லி, மனதுக்குள் ஒரு காலை நேரத் தேயிலை மலையில் இறக்கினார். கூடை முதுகில், கயிறு தலையில். ஒவ்வொரு நிரையாக இறங்கச் சொன்னார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிடி கொழுந்து, ஒவ்வொரு அடிக்கும் மூச்சு இன்னும் ஆழம். பத்து அடி ஆவதற்குள் கலாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கை தானாக உச்சந்தலைக்குப் போனது.

மூலையில் இருந்த அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டுப் பேசினார். முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர்.

"மிஸ்ஸி, கொறையா நெனைக்காதீங்க. நீங்க பாட்டுக்குக் கூடைய ரொப்பிக்கிட்டே போறீங்களே. எப்ப எறக்குறது?"

மிஸ்ஸி பேச்சை நிறுத்தினார். கலாவைக் கண்ணைத் திறக்கச் சொல்லிச் சுடுதண்ணீர் கொடுத்தார். "தப்பு என்னோடது. இன்னைக்கு இதோட விட்டுருவோம். சரியான வார்த்த எங்கிட்ட இல்ல" என்றார். வெளியே இன்னும் மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். அவர்களிடமும் அதையே சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பிள்ளைக்காம்பராவுக்கு வராமல், கலாவின் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். கங்காணியிடம் கேட்டு ஒரு கூடை வாங்கி, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, பகல் நிறுவை வரைக்கும் கொழுந்து கிள்ளினார். ஐம்பத்தாறு வயதில். அவருக்குச் சுமை தெரிய வேண்டும் என்று கலாவின் அம்மா தன் கொழுந்தில் பாதியை அவர் கூடையில் கொட்டியிருந்தார். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு அந்தக் கூடையைச் சுமந்து வந்து இறக்கியபோது அவர் முகம் சிவந்திருந்தது. கங்காணி கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"மிஸ்ஸி, மேல இருக்கிறது கொழுந்து. அடியில நீங்க கிள்ளினது கம்பு."

"சரிதாங்க" என்றார் மிஸ்ஸி.

பின்னறைக்கு வந்ததும் என்னிடம் சொன்னார். "டீச்சர், கூடைய எறக்கி வைக்கிறப்பதான் லேசாகும்னு நெனச்சேன். இல்ல. அதுக்கு முன்னாடியே, மேட்டுல ஏறிவந்து மடுவத்துக் கூர தெரியுது பாருங்க, அப்பவே கழுத்து விட்டுடுது. பாரம் அப்பிடியேதான் இருக்கு. ஆனா கழுத்து விட்டுடுது." அதைச் சொல்லிக்கொண்டே கொப்பியில் எழுதினார்.

அன்றிலிருந்து அவர் சொன்ன நடை மாறியது. தொடங்கும்போதே கூடை நிறைந்திருக்கும். பாரம் இல்லை என்று அவர் சொல்ல மாட்டார்; "பாரமாத்தான் இருக்கு" என்பார். பிறகு பாதை, கல் படி, முருக மரம், தண்ணீர் பிடிக்கும் பைப்படி, மேடு. ஒவ்வொன்றிலும் ஒரு நீண்ட மூச்சு வெளியே போகும். கடைசியில், "அந்தா, மடுவத்துக் கூர தெரியுது. கழுத்த விடுங்க. தோள விடுங்க. இன்னும் எறக்கல. நடந்துக்கிட்டுத்தான் இருக்கோம்." கலாவின் கை அதன்பிறகு தலைக்குப் போகவில்லை. நான் அந்த நடையைப் பதினொரு தடவை முழுமையாகக் கேட்டு எழுதியிருக்கிறேன். எழுதி எழுதி எனக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்ற வார்த்தை மட்டும் கலாவின் வாயிலிருந்து வரவில்லை. மிஸ்ஸியும் சம்மதம் கேட்டு நெருக்கவில்லை. "சொல்ல வேண்டியத ஒவ்வொரு தடவையும் சொல்றேன். அவதான் போகணும். நான் தூக்கிக்கிட்டுப் போக முடியாது" என்றார்.

வலி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று பத்துக்கு. மிஸ்ஸி வராத நாள். நான் லயத்துக்குப் போனபோது கலா காம்பரா வாசலில் உட்கார்ந்து கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்து அம்புலன்ஸ் கீழ் வீதியில் நின்றது. சுற்றி எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: ஒண்ணும் ஆகாது, வா புள்ள. ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் அவள் நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அம்மா அழுதுகொண்டிருந்தார்.

நான் லயத்துக் கோடிக்குப் போய் மிஸ்ஸிக்கு போன் எடுத்தேன்.

"வர மாட்டேங்குறா மிஸ்ஸி. ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா வருவா. இன்னைக்கு மட்டும் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதே டீச்சர்."

"பொய்யாவாவது சொல்லுங்களேன்."

போனில் அதே அடைத்த குரல். "எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்னே சொல்லுங்க. தெரிஞ்சது ஒண்ணு இருக்கு. ஆஸ்பத்திரில டொக்டர் இருக்காங்க, ஏத்துறதுக்கு ரத்தம் இருக்கு. லயத்துல ரெண்டும் இல்ல. இத எப்பவும் போல சொல்லுங்க. அழுதுகிட்டுச் சொல்லாதீங்க."

நான் அப்போது அழுதுகொண்டிருந்தேன் என்பது எனக்கே அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கலாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். அவள்தான் முதலில் கேட்டாள்.

"மிஸ்ஸி என்னா சொன்னாங்க?"

"தெரியாதுன்னு சொன்னாங்க."

சுற்றி நின்றவர்கள் என்னைக் கொன்றுவிடுவதுபோலப் பார்த்தார்கள். மற்றதையும் வார்த்தை மாறாமல் சொன்னேன். கலா கண்ணை மூடி ஒரு வலியைக் கடந்துபோக விட்டாள். பிறகு நிலையிலிருந்து ஒரு கையை எடுத்தாள்.

"அக்காகிட்ட யாரும் இப்பிடிச் சொல்லல" என்றாள். மற்றக் கையையும் எடுத்தாள். "அந்தக் காலுறைய எடுத்துத் தாங்க."

மிஸ்ஸி போன தடவை வந்தபோது அவளிடமே விட்டுப்போயிருந்த சோடி அது. போட்டுவிட்டேன். எழுந்து நடந்தாள்.

அம்புலன்ஸில் அவளுடைய அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இருந்தோம். பாதை முழுக்க வளைவுகள். வலி வந்தபோதெல்லாம் நான் மிஸ்ஸியின் நடையைச் சொன்னேன். குரல் அவருடையது இல்லை, வார்த்தைகள் அவருடையவை. கல் படி, முருக மரம், பைப்படி, மேடு. ஒரு இடத்தில் நான் பைப்படியை முன்னால் சொல்லிவிட்டேன். கலா கண்ணை மூடியபடியே, "முருக மரம் டீச்சர்" என்று திருத்தினாள்.

ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக் கதவு வரைக்கும்தான் எங்களை விட்டார்கள். அம்மா மகளின் தலையைத் தடவிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கலா என்னைப் பார்த்தாள். 'ஒண்ணும் ஆகாது' என்ற அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்தது என்ன என்று யோசித்தேன். கதவுக்கு எதிரே ஒரு பச்சை பெஞ்ச் கிடந்தது.

"நான் இந்த பெஞ்சுல இருப்பேன். நீ வெளிய வர்ற வரைக்கும் எழும்ப மாட்டேன்" என்றேன்.

அவள் பெஞ்சைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அப்போது மணி பன்னிரண்டு ஐம்பது. மகன் பிறந்தான் என்று வந்து சொன்னது ஏழு இருபதுக்கு. கலாவைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தபோது ஒன்பது ஐந்து. முகம் வெளுத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது பெஞ்சைத்தான்.

மறுநாள் புதன்கிழமை. மிஸ்ஸி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். பார்வையாளர் நேரத்தில் நாங்கள் இருவரும் கட்டிலருகே நின்றோம்.

"எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"வலிச்சுச்சு மிஸ்ஸி. ரொம்ப நேரத்துக்குக் கூர தெரியவே இல்ல. நடந்துக்கிட்டே இருந்தேன்."

மிஸ்ஸி அதை எழுதிக்கொண்டார். பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். நல்ல பிள்ளை என்றோ அதிர்ஷ்டக்காரன் என்றோ சொல்லவில்லை. "காது ரெண்டும் அம்மா மாதிரி" என்றார். அது உண்மை.

வெளியே வராந்தாவில் நான் அந்த பெஞ்சைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

"பன்னெண்டு அம்பதுலருந்து ஒம்பது அஞ்சு வரைக்குமா?"

"ஆமா."

"எழும்பவே இல்லையா?"

"இல்ல."

"பாத்ரூமுக்கு?"

"போகல மிஸ்ஸி. சொல்லிட்டேனே."

அவர் கொப்பியைத் திறந்தார். என் வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டு, நின்றபடியே எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்துப் பின்பாதியின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"நல்ல வாக்கியம் டீச்சர். ஆனா அடுத்த தடவ 'எழும்ப மாட்டேன்'னு சொல்லாதீங்க. 'இங்கதான் இருப்பேன்'னு மட்டும் சொல்லுங்க. அதுவே போதும்."